வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்கு நிலைக்கேற்ற கற்பித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்றாம் வகுப்பு தாண்டியும் தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறும் பிள்ளைகளோடு உட்காரும் ஆசிரியர்கள், மாலை நேர மையத் தன்னார்வலர்கள், பெற்றோர் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

நிலைக்கேற்ற கற்பித்தல் என்றால் என்ன?

பிள்ளை எந்த வகுப்பு என்று கேட்காமல், இன்று எதுவரை வாசிக்க வருகிறது என்று பார்த்து, அந்த இடத்திலிருந்து தொடங்குவது. எழுத்து தெரியாத ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் எழுத்து தெரியாத மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் அந்த ஒரு மணி நேரத்துக்கு ஒரே குழு. மணி அடித்ததும் அவரவர் வகுப்புக்குப் போய்விடுவார்கள்.

இந்த முறையைப் பெரிய அளவில் வளர்த்தெடுத்தது 1995இல் மும்பையில் தொடங்கிய பிரதம் என்ற தொண்டு நிறுவனம். இதன் பலனைக் களத்தில் அளந்து பார்த்தவர்களில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ இருவரும் உண்டு. 2019இல் மைக்கேல் கிரெமருடன் சேர்ந்து பொருளாதார நோபல் பெற்றவர்கள். இன்று ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றிலும் இதே முறை நடக்கிறது.

ஐந்தாம் வகுப்புப் பாடத்தையே மெதுவாக நடத்தினால் போதாதா?

போதாது. எழுத்தை அடையாளம் காணவே மூளையின் முழுக் கவனமும் செலவாகும் பிள்ளைக்கு, வரியின் கடைசிச் சொல்லுக்கு வருவதற்குள் முதல் சொல் மறந்துபோகும். அந்த நிலையில் பொருள் புரிய வழியே இல்லை. பாடத்தை மெதுவாக நடத்தினால் புரியாத பாடம் இன்னும் நீளமாகும், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட பிள்ளைகள் நன்றாக மறைக்கவும் கற்றிருப்பார்கள். பாடத்தை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள், விரல் மட்டும் வரிமேல் ஓடும். பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு 'இது என்ன?' என்று கேட்டால் உண்மை தெரிந்துவிடும். முதல் வரியிலிருந்து மனத்துக்குள் சொல்லிக்கொண்டே வந்து அந்த இடத்தை எட்டப் பார்ப்பார்கள்.

'மெல்லக் கற்போர்' என்ற பெயரைப் பள்ளிகளில் எளிதாகச் சூட்டிவிடுகிறார்கள். அந்தப் பெயரைக் கைவிடுவது நல்லது. அவர்களில் பெரும்பாலோர் மெதுவாகக் கற்பவர்கள் இல்லை. இரண்டாம் வகுப்பில் விட்ட ஒரு படியை யாரும் திரும்பி வந்து சொல்லித்தராமல் போனவர்கள்.

பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரே ஒரு தாள் போதும். 2005 முதல் இந்தியக் கிராமங்களில் பிள்ளைகளின் கற்றல் நிலையை அறிய வீடு வீடாக நடக்கும் அசர் (ASER) கணக்கெடுப்பு பயன்படுத்துவதும் இதே வகைத் தாள்தான். அதில் நான்கு பகுதிகள்:

எழுத்து: வரிசை மாற்றி எழுதிய பத்து எழுத்துகள்.
சொல்: அன்றாடம் புழங்கும், இரண்டு மூன்று எழுத்துள்ள பத்துச் சொற்கள்.
பத்தி: முதல் வகுப்புத் தரத்தில் நான்கு சிறு வாக்கியங்கள். 'மழை பெய்தது. குளம் நிறைந்தது. தவளை கத்தியது. பாப்பா கை தட்டினாள்.' இந்த அளவு போதும்.
கதை: இரண்டாம் வகுப்புத் தரத்தில் எட்டு முதல் பத்து வரிகள்.

பத்தியிலிருந்து தொடங்குங்கள். மூன்று பிழைக்குள், சொல்சொல்லாகத் துண்டாடாமல் வாக்கியமாக வாசித்தால் கதைக்குப் போங்கள். கதையையும் சரளமாக வாசித்தால் அந்தப் பிள்ளை கதை நிலை. கதையில் திணறினால் பத்தி நிலை. பத்தியிலேயே திணறினால் சொற்களுக்கு இறங்குங்கள். ஐந்து சொல் வாசிக்கச் சொல்லி, நான்கு சரியாக வந்தால் சொல் நிலை. அதுவும் வராவிட்டால் எழுத்துகள்: ஐந்தில் நான்கு வந்தால் எழுத்து நிலை, வராவிட்டால் தொடக்க நிலை. எந்த ஐந்து என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் ஆகும்.

முடிவைக் கெடுக்கும் தவறுகள் நான்கு உண்டு. மற்றப் பிள்ளைகள் முன்னால் சோதித்தால் வெட்கத்தில் தெரிந்ததும் வராது. தனியாக அழைத்துப் போய், பக்கத்தில் உட்கார்ந்து செய்யுங்கள். பாடப்புத்தகத்திலிருந்து பத்தி எடுத்தால் நீங்கள் சோதிப்பது மனப்பாடத்தை. திணறும்போது முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்தால் ஒரு நிலை கூடுதலாகத் தெரியும். எழுத்திலிருந்து தொடங்கினால் கதை வாசிக்கும் பிள்ளையின் பொறுமையும் உங்கள் நேரமும் வீண்.

247 எழுத்தையும் முதலில் கற்றுத்தர வேண்டுமா?

வேண்டாம். பெரும்பாலான மையங்கள் முதல் மாதத்திலேயே சோர்ந்துபோவது இந்த இடத்தில்தான். 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், 1 ஆய்தம் என்று அட்டவணையை மேலிருந்து கீழாக ஒப்பிக்க வைத்தால், அட்டவணை மனப்பாடமாகும். சொல் வாசிக்க வராது. 'க, கா, கி, கீ' என்று பாட்டாகச் சொல்லும் பிள்ளையிடம் 'கூ' மட்டும் காட்டிக் கேட்டுப் பாருங்கள், மனத்துக்குள் 'க'விலிருந்து தொடங்கி எண்ணிக்கொண்டு வரும்.

அந்த 216இல் பல எழுத்துகள் வாசிப்பில் வருவதே இல்லை. ஙகர வரிசையில் 'ங்' ஒன்றைத் தெரிந்துகொண்டால் 'தங்கம்', 'சங்கு' எல்லாம் வந்துவிடும். மற்றப் பன்னிரண்டையும் தேடிப் போக வேண்டியதில்லை.

பயன் அதிகமுள்ள எழுத்துகளிலிருந்து தொடங்குங்கள். ட, ப, ம, ர, க ஆகிய ஐந்து எழுத்தும் மெய்க்குப் புள்ளி உண்டு என்பதும் தெரிந்தால், படம், மடம், மரம், கரம், பக்கம், பட்டம், கட்டம், மட்டம், பம்பரம், ரகம் என்று பத்துச் சொற்களை அந்த வாரமே வாசித்துவிடலாம். தானாக ஒரு சொல்லை வாசித்துவிட்டோம் என்ற மகிழ்ச்சிதான் அடுத்த நாள் பிள்ளையைத் திரும்ப வரவழைக்கிறது. அடுத்து த, ல, வ, ன, ந, ச, ய என்று வாரத்துக்கு நான்கைந்து. கடல், பகல், வயல், தலம் எல்லாம் கூடவே வரும்.

உயிர்மெய்க் குறிகளை எந்த வரிசையில் சொல்லிக்கொடுப்பது?

அட்டவணை வரிசையை விட்டுவிட்டு, சொற்களில் எது அதிகம் வருகிறதோ அதை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். எங்கள் பரிந்துரை: முதலில் துணைக்கால் (கா, பா, மா), பிறகு இகரம் (கி, பி, மி), உடனே உகரம்.

உகரத்தைத் தள்ளிப்போடக் கூடாது. தமிழில் சொல் முடிவில் உகரம் நிறைய வரும். அது தெரியாமல் ஆடு, மாடு, காது, பத்து எதையும் வாசிக்க முடியாது. ஆனால் கடினமானதும் அதுதான். துணைக்கால் எல்லா மெய்க்கும் ஒரே வடிவம்; உகரத்துக்கு அப்படி ஒரு பொது அடையாளம் இல்லை. வடிவத்தை வைத்து மூன்று குடும்பமாகப் பிரித்தால் எளிதாகும்:

கு, டு, மு, ரு, ழு, ளு: கீழே சுற்றி வளைபவை.
சு, பு, யு, வு: நேராகக் கீழே ஒரு கோடு இறங்குபவை.
து, நு, ணு, லு, று, னு: கீழே போய் வலப்பக்கம் திரும்பி மேலே வருபவை.

ஒரு நாளில் ஒரு குடும்பம். மூன்றையும் ஒரே நாளில் கலக்காதீர்கள். ஊகாரத்துக்கு வரும்போது 'கூ', 'சூ' இரண்டும் தத்தம் குடும்பத்தோடு ஒட்டாது; தனியாகச் சொல்லித்தர வேண்டும்.

அடுத்து ஐகாரம் (கை, பை, மழை, தலை), பிறகு ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, அதன் பிறகு கொம்பும் காலும் சேர்ந்த கொ, கோ. ஈகாரம், ஊகாரம் இவற்றோடு நெடில் பயிற்சியாக வரட்டும். ஔகாரம் கடைசியில் வந்தால் போதும். அந்தக் குறி வரும் சொற்கள் குறைவு.

'கெ', 'கொ' வந்தால் பிள்ளை குழம்புகிறது. ஏன்?

கண்ணும் வாயும் எதிரெதிராகப் போக வேண்டியிருப்பதால். 'கெ'யில் கொம்பு முதலில் நிற்கிறது, ஆனால் அதன் ஒலி ககரத்துக்குப் பிறகு வருகிறது. 'கொ'வில் குறி இரண்டாகப் பிரிந்து இரு பக்கமும் நிற்கிறது. இடமிருந்து வலமாக வாசிக்கக் கற்ற பிள்ளை கொம்பைப் பார்த்ததும் நின்றுவிடுகிறது, அல்லது 'கொடி'யைக் 'காடி' என்கிறது.

ஒரு தபால் அட்டை அகலத்துக்கு அட்டையை வெட்டி, நடுவில் ஒரு எழுத்து தெரியும்படி சன்னல் வையுங்கள். சன்னலுக்குள் 'க', 'ப', 'ம' என்று மாற்றிக்கொண்டே இருக்க, இடப்பக்கம் கொம்பும் வலப்பக்கம் காலும் வரைந்த இரண்டு துண்டுகளை ஒட்டியும் எடுத்தும் காட்டுங்கள். க, கா, கெ, கொ நான்கும் ஒரே எழுத்தின் நான்கு உடைகள் என்பது கைக்குத் தெரிந்துவிடும். 'கொம்பைப் பார்த்தால் வாயைத் திறக்காதே, அடுத்த எழுத்தையும் பார்த்துவிட்டுச் சொல்' என்ற ஒரே விதியை மட்டும் பழக்குங்கள்.

இன்னொரு பொறி துணைக்கால். கையெழுத்திலும் பல அச்செழுத்துகளிலும் 'ா' என்பதும் 'ர' என்பதும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். 'மரம்', 'மார்பு', 'பாரம்' போன்ற சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வேறுபடுத்திப் பழக்க வேண்டும். தொடக்கத்தில் அட்டைகளை நீங்கள் எழுதும்போதாவது ரகரத்தின் கீழ்ச் சாய்கோட்டை விடாமல் போடுங்கள்.

வீட்டில் பாட்டி தாத்தா பழைய புத்தகத்தை வைத்துச் சொல்லிக்கொடுத்தால் கூடுதல் கவனம் தேவை. தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருமுன் ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவற்றின் வடிவம் வேறு. பிள்ளையின் பழக்கம் நிலைக்கும்வரை புதிய அச்சே போதும்.

குறில், நெடில் மாறி வாசிக்கிறார்கள். என்ன செய்வது?

பொருள் மாறும் இணைகளைக் கொடுங்கள்: பல் – பால், கல் – கால், படு – பாடு, பட்டு – பாட்டு, விடு – வீடு, எடு – ஏடு, குடை – கூடை, பெட்டி – பேட்டி, கொடு – கோடு. ஒரு நாளுக்கு மூன்று இணை. நீங்கள் சொல்ல, பிள்ளை சரியான அட்டையை எடுக்க வேண்டும். பிறகு பிள்ளை வாசிக்க, நீங்கள் எடுங்கள். வேண்டுமென்றே சில சமயம் தப்பாக எடுங்கள். உங்களைத் திருத்துவதில் அவர்களுக்கு அளவில்லாத மகிழ்ச்சி, திருத்தும்போதுதான் குறியைக் கூர்ந்து பார்க்கிறார்கள்.

'வீட்டிற்கு' என்று இருப்பதை 'வீட்டுக்கு' என்று வாசித்தால் பிழையா?

வாசிப்புப் பிழையாக எண்ணாதீர்கள். எழுத்தைப் பார்த்து, பொருளைப் பிடித்து, தன் வாய்க்கு வந்த வடிவில் சொல்லியிருக்கிறது. அது பொருளோடு வாசிக்கிறது என்பதற்கு அடையாளம். 'சரிதான், இங்கே எப்படி எழுதியிருக்கிறது பார்' என்று ஒருமுறை காட்டிவிட்டு நகருங்கள். 'வீட்டிற்கு' என்பதை 'வீடு' என்று சொன்னாலோ, 'வட்டிக்கு' என்று சொன்னாலோ அது பிழை.

பழத்தைப் 'பளம்' என்பதும் இப்படியே. பல ஊர்களில் ழகரம் பேச்சில் ளகரமாகவே ஒலிக்கிறது. எழுத்தைச் சரியாக அடையாளம் கண்டால் வாசிப்பு தேறிவிட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள். உச்சரிப்புப் பயிற்சிக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். வாசிக்கும்போது ஒவ்வொரு சொல்லிலும் நிறுத்தி நாக்கைத் திருத்தினால் பிள்ளை வாசிப்பதையே நிறுத்திவிடும்.

சொல் வாசிக்கிறது, பத்தியில் நிற்கிறது. ஏன்?

தமிழ்ச் சொல்லின் நீளம்தான் பெரும்பாலும் காரணம். 'எடு' தெரிந்த பிள்ளைக்கு 'எடுத்துக்கொண்டிருந்தான்' ஒரு மலை. இதை எழுத்தெழுத்தாக ஏறச் சொல்லாதீர்கள். 'எடுத்து – கொண்டு – இருந்தான்' என்று மூன்று அட்டையாக வெட்டி வாசிக்க வைத்து, பிறகு சேர்த்து எழுதிய வடிவத்தைக் காட்டுங்கள். '-கிறான்', '-த்தாள்', '-களுக்கு', '-இலிருந்து', '-உடன்' போன்ற அடிக்கடி வரும் முடிவுகளை ஒரே பார்வையில் அடையாளம் காண ஒரு வாரம் தனியாகப் பழக்கினால், பத்தியின் பாதிச் சுமை இறங்கிவிடும்.

க, ச, ட, த, ப ஐந்தும் இடத்துக்கேற்ப ஒலி மாறுவது இன்னொரு தடை. 'கடல்', 'தங்கம்', 'பகல்' மூன்றிலும் ககரம் ஒன்றுதான், ஒலி மூன்று. விதியைச் சொல்லிக் குழப்ப வேண்டாம். எழுத்துக்கூட்டி முடித்ததும் 'சேர்த்துச் சொல், நமக்குத் தெரிந்த சொல்லா?' என்று கேளுங்கள். தெரிந்த சொல்லாக இருந்தால் காது தானே சரிசெய்துகொள்ளும். அதனால்தான் தொடக்கப் பத்திகளில் பிள்ளைக்குத் தெரியாத சொல்லே இருக்கக் கூடாது.

ஒரு மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது?

முதல் 10 நிமிடம் பேச்சு: ஒரு படம், நேற்றைய மழை, சந்தை, எதுவானாலும். பேசியதில் ஒரு வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதுங்கள். அடுத்த 10 நிமிடம் நீங்கள் ஒரு சிறு பத்தியை விரல் வைத்து வாசிக்க, எல்லோரும் தொடர்ந்து வாசிப்பது. பிறகு 20 நிமிடம் குழுவாரியாக: தொடக்கக் குழுவுக்கு எழுத்தட்டை, சொல் குழுவுக்குச் சொல்லட்டை, பத்திக் குழுவுக்கு இணையாக உட்கார்ந்து மாற்றி மாற்றி வாசிப்பது. அடுத்த 10 நிமிடம் எழுத்து: வாசித்த சொல்லைப் பார்க்காமல் எழுதுவது, பத்திக் குழு இரண்டு வாக்கியம் சொந்தமாக எழுதுவது. கடைசி 10 நிமிடம் ஒவ்வொருவராக உங்களிடம் வந்து ஒரு வரி வாசித்துக் காட்டுவது.

இந்தக் கடைசிப் பத்து நிமிடத்தை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். கூட்டாகக் கத்தி வாசிக்கும்போது பாதிப் பேர் உதட்டை மட்டும் அசைப்பார்கள். அதைக் கண்டுபிடிக்க இதைவிட்டால் வழியில்லை. இருபது பேருக்குமேல் ஒருவர் பார்த்துக்கொள்ள முடியாததற்கும் இதுதான் காரணம்.

படத்தோடு கூடிய எழுத்தட்டைகளை ஒரு வாரத்துக்குமேல் வைத்திருக்காதீர்கள். 'ஆ'வுக்குப் பக்கத்தில் ஆடு இருந்தால் பிள்ளை ஆட்டைத்தான் வாசிக்கும்.

ஒரு குழுவிலிருந்து அடுத்ததற்கு எப்போது மாற்றுவது?

பத்து நாளுக்கு ஒருமுறை அதே வகைத் தாளை, சொற்களை மாற்றி, மீண்டும் கொடுங்கள். தேறியவரை அன்றே மாற்றுங்கள், மாதக் கடைசிவரை காத்திருக்க வேண்டாம். ஒரு குழுவில் நிரந்தரமாகத் தங்கிவிட்ட பிள்ளைக்கு அந்தக் குழுவின் பெயரே பட்டப்பெயராகிவிடும். அப்படி ஆகிவிட்டால் இந்த முறை செய்யும் நன்மையைவிடத் தீமை அதிகம்.

சரளத்தை அளக்க, ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் சரியாக வாசித்தது என்று எண்ணலாம். ஆனால் ஆங்கிலத்துக்குச் சொல்லப்படும் எண்ணிக்கையைத் தமிழுக்கு வைத்து அளக்காதீர்கள். நம் சொல் நீளம். பிள்ளையின் போன மாத எண்ணிக்கையோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

எத்தனை நாளில் பலன் தெரியும்?

பிரதம் நடத்தும் கற்றல் முகாம்களின் மொத்த அளவு 30 முதல் 50 நாள். பத்துப் பத்து நாள் தொகுப்பாக, மொழிக்கும் கணக்குக்குமாக நாளுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம். உத்தரப் பிரதேசத்தில் இப்படி நடந்த முகாம்கள் மிகப் பெரிய முன்னேற்றத்தைக் காட்டின. நீங்கள் நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் கொடுத்தால், எழுத்து நிலையிலிருந்து பத்தி நிலைக்கு வர ஒரு பருவம் முழுக்கத் தேவைப்படலாம். வாரத்துக்கு இரண்டு நாள் நடக்கும் மையத்தில் திங்கட்கிழமை கற்றது வெள்ளிக்கிழமை இருக்காது. நாள் குறைவானாலும் தொடர்ச்சி வேண்டும்.

இது எங்கே தோற்கிறது?

புத்தகமும் பயிற்சியும் கொடுத்துவிட்டு நேரம் ஒதுக்காத இடத்தில். உத்தராகண்டில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் பொருள்களும் தரப்பட்டன; வழக்கமான வகுப்புக்குள் அவை கரைந்துபோயின, பலன் இல்லை. ஹரியானாவில் 2012–13இல் அதே முறைக்குத் தினம் ஒரு மணி நேரம் தனியாக ஒதுக்கி, அந்த நேரத்தில் நிலைவாரிக் குழுவாக உட்கார வைத்து, மேற்பார்வையும் செய்தார்கள். மொழியில் முன்னேற்றம் வந்தது. ஆசிரியர் மேல் பழி போடுவதில் பயனில்லை. பாடத்திட்டத்தை முடித்தாயா என்று கேட்கும் அமைப்புக்குள் இருப்பவர் பாடத்திட்டத்தைத்தான் முடிப்பார். அந்த ஒரு மணி நேரத்தைக் கால அட்டவணையில் எழுதிக் காப்பாற்றுவது தலைமையாசிரியரின் வேலை.

தமிழ்நாட்டில் இது புதிதா?

இல்லை. செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007–08இல் மாநிலம் முழுவதும் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. ஆந்திராவின் மதனப்பள்ளி அருகே ரிஷி வேலி கல்வி மையத்தில் உருவான அட்டைகளும் ஏணியும் கொண்ட முறையிலிருந்து வந்தது அது: பிள்ளை தன் ஏணியில் தான் நிற்கும் படியிலிருந்து ஏறும். பெருந்தொற்றுக்குப் பின் அக்டோபர் 2021இல் தன்னார்வலர்கள் மாலை நேர மையங்களில் சொல்லிக்கொடுக்கும் இல்லம் தேடிக் கல்வித் திட்டம், ஜூன் 2022இல் அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று நிலைகளோடு எண்ணும் எழுத்தும் திட்டம் ஆகியவை வந்தன.

இல்லம் தேடிக் கல்வியின் பலன் அளக்கப்பட்டிருக்கிறது. தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில், பெருந்தொற்றில் பள்ளி மூடியிருந்தபோது இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டது. அந்த மீட்சியில் 24 விழுக்காடு மாலை நேர மையங்களால் வந்தது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை பெற்ற, பெரும்பாலும் அதே தெருவில் வசிக்கும் பெண்கள் செய்த வேலை அது. கல்வியின் எதிர்காலம் பற்றிப் பேசும் மேடைகளில் அவர்கள் பெயர் வருவதில்லை என்பது எங்களுக்கு வருத்தம்.

கைப்பேசிச் செயலியும் செயற்கை நுண்ணறிவும் இதைச் செய்துவிடாதா?

பகுதியாகச் செய்யும். டெல்லியில் 6 முதல் 9ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளிடம் மைண்ட்ஸ்பார்க் என்ற கணினி நிரலைச் சோதித்தார்கள். பிள்ளையின் விடையைப் பார்த்து அதன் நிலைக்கேற்பக் கேள்வி தரும் நிரல் அது. நான்கரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம். ஆனால் அந்த மையத்தின் 90 நிமிடத்தில் பாதி நேரம் மட்டுமே கணினி. மீதி 45 நிமிடம் பதினைந்து பேருக்கு மிகாத குழுவில் ஒரு மனிதர் சொல்லிக்கொடுத்தார்.

செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைப் பாருங்கள்: அது பிள்ளைக்கு வாசித்துக் காட்டுகிறதா, பிள்ளையை வாசிக்க வைக்கிறதா? முதல் வகை கதை கேட்பதற்கு நல்லது, வாசிக்கக் கற்றுத்தராது. இரண்டாம் வகையிலும் ஒரு வாரம் பக்கத்தில் இருந்து கவனியுங்கள். வட்டாரப் பேச்சும் சிறுபிள்ளைக் குரலும் சேர்ந்தால் குரலை அறியும் நிரல்கள் சரியாக வாசித்ததையும் தப்பு என்று சொல்லிவிடக்கூடும். அப்படி மூன்று முறை நடந்தால் பிள்ளை தன் வாசிப்பைச் சந்தேகிக்கத் தொடங்கும்.

உரையாடும் செயற்கை நுண்ணறிவு உங்களுக்குத்தான் அதிகம் உதவும். 'இந்த ஏழு எழுத்துகளும் துணைக்காலும் மட்டும் வரும் இருபது சொற்கள் தா' என்று கேட்டு வாங்கலாம். வாங்கியதை ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்க்காமல் அட்டையில் எழுதாதீர்கள். சொல்லாத எழுத்தும் இல்லாத சொல்லும் கலந்து வரும்.

எங்களுக்கே வாசிக்கத் தெரியாது. வீட்டில் எப்படி உதவுவது?

தினம் பத்து நிமிடம், ஒரே நேரத்தில், பிள்ளை வாசிக்க நீங்கள் காதால் கேளுங்கள். முடிந்ததும் 'என்ன நடந்தது, சொல்லு' என்று கேளுங்கள். கதையாகத் திருப்பிச் சொல்ல முடிந்தால் புரிந்திருக்கிறது. முடியாவிட்டால் அடுத்த நாள் மையத்தில் அதைச் சொல்லுங்கள். பேருந்தின் பெயர்ப்பலகை, கடைப் பலகை, ரேஷன் அட்டை, கல்யாணப் பத்திரிகை எல்லாம் வாசிப்புப் புத்தகம்தான். தெரியாத சொல்லுக்கு அடிப்பதோ, 'தம்பி வாசிக்கிறான் பார்' என்று ஒப்பிடுவதோ ஒரு மாத உழைப்பைக் கலைத்துவிடும்.

வீட்டு மொழி தமிழாக இல்லாத பிள்ளைகளுக்கு?

கட்டுமான வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள், ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள் ஆகியோரிடம் எழுத்துக்கு முன் சொல் வேண்டும். முதல் இரண்டு வாரம் பேச்சும் பாட்டும் பொருள்களின் பெயரும். 'பம்பரம்' என்றால் என்ன என்று தெரியாத பிள்ளை அதை எழுத்துக்கூட்டியும் பயனில்லை. பம்பரத்தை முதலில் கையில் கொடுங்கள்.

எவ்வளவு செய்தும் ஒரு பிள்ளை நகரவில்லை. கற்றல் குறைபாடா?

உடனே அப்படி முடிவுகட்டாதீர்கள். வருகைப் பதிவைப் பாருங்கள். நாற்பது நாளில் பதினைந்து நாள் வந்த பிள்ளைக்குப் பிரச்சினை வேறு. அடுத்து கண்ணும் காதும்: பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குகிறதா, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புகிறதா? கண்ணாடி போட்டதும் வாசிக்கத் தொடங்கும் பிள்ளைகள் உண்டு. எழுத்தைத் திருப்பி எழுதுவது மட்டுமே டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாட்டுக்கு அடையாளம் ஆகாது. தொடக்கத்தில் பல பிள்ளைகள் அப்படி எழுதுவார்கள்.

வருகை ஒழுங்காக இருந்து, கண்ணும் காதும் நன்றாக இருந்து, இரண்டு மாதத்தில் பத்து எழுத்துகூட நிலைக்காவிட்டால் வட்டார வள மையத்திலுள்ள சிறப்புப் பயிற்றுநரிடம் காட்டுங்கள். போகும்போது நீங்கள் பத்து நாளுக்கு ஒருமுறை எடுத்த தாள்களைத் தேதியோடு கொண்டுபோங்கள். எந்த எழுத்து வந்தது, எது மறந்தது, எதை எதோடு குழப்பியது என்பதெல்லாம் அதில் இருக்கும். அவர் முதலில் கேட்கப்போவதும் அதைத்தான்.